உன் பெயரில் திருத்தியது நான்தான்

எங்கே இருந்தாலும் கையில் போனோடுதான் இருப்பாய் என்று நான் நம்பும் என் ஜெயந்திக்கு,

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று, போத்தனூருக்குச் சற்று வடக்கே இருக்கும் நம் ராமநாதபுரம் ஆபீஸ் ஜன்னலை நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கிறது. சாரல் வருகிறது, போகிறது. உன் நாற்காலியை இன்னும் நகர்த்தவில்லை. அதன்மேல் வரைபடச் சுருள்களை அடுக்கி வைத்திருக்கிறேன். காலியாக இருந்தால் வருகிறவர்கள் அதில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

உனக்கு ஒரு சேதி. உன் குறிப்புகளில் கை வைத்துவிட்டேன். நீ இருந்தவரை என்னால் முடியாத காரியம் அது. திட்டுவதென்றால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

இந்தக் கடிதத்தை நம்மைத் தெரியாதவர்களும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே உனக்குக் கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

நாம் ஒன்றாக சிவில் படித்தவர்கள். வகுப்பிலிருந்த பெண்களில், வெயிலில் நின்று வீடு கட்டப் போகிறேன் என்று வீட்டில் சண்டை போட்டவர்கள் நாம் இரண்டு பேர்தான். நான் தோட்டங்காட்டில் விவசாயம் பார்க்கும் வீட்டிலிருந்து வந்தவள். நீ போத்தனூரில் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்து, அதே போத்தனூரில் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். சிலகாலம் ஆளுக்கொரு இடத்தில் சம்பளத்துக்கு இருந்தோம். பிறகு ஒரு நாள் நீதான், 'நம்ம ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆபீஸ் போட்டா என்ன?' என்றாய். போட்டோம். நான் வரைவேன், கணக்குப் பார்ப்பேன். நீ சைட்டில் நிற்பாய். கொத்தனாரிலிருந்து வீட்டுக்காரர் வரைக்கும் எல்லோரிடமும் பேசுவது உன் பாடு.

அந்தச் செயலியைக் கொண்டுவந்ததும் நீதான். மழையில் நனைந்த காகிதங்களை நான் மின்விசிறிக்குக் கீழே காயவைத்துக்கொண்டிருந்தேன். நீ போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாய்.

"அம்மணி, இங்க பாரு. குறிப்பு எழுதி வெக்கறதுக்கு ஒரு ஆப்பு வந்திருக்குது."

"ஆப்பா? யாருக்கு?"

"உனக்குத்தான். வெளையாடாம பாரு புள்ள. எழுதிக்கலாம். கூடவே போட்டோ, பிளான், பில்லு, பேசுனது, எது வேணாலும் சேத்து வெச்சுக்கலாம். காயவெக்கற வேலை இல்லை."

ஒரே கணக்கு, உன் பெயரில். என் போனிலும் ஆபீஸ் கணினியிலும் அதே கணக்குத்தான். 'கட்டடம் ஒண்ணு, எதுக்கு ரெண்டு கணக்கு?' என்றாய். அதிலிருந்து நாம் கட்டிய ஒவ்வொரு வீடும் உன் பெயருக்குள்ளேதான் வளர்ந்தது.

அதற்குள்ளே நீ செய்த அட்டகாசம் இருக்கிறதே! எதைப் பார்த்தாலும் படம் எடுப்பாய். எடுத்ததை, அந்த நேரத்தில் எந்தக் குறிப்பு திறந்திருக்கிறதோ அதிலேயே சேர்த்துவிடுவாய். உன் அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்த குறிப்பில் கான்கிரீட்டுக்குக் கட்டிய கம்பியின் படம் இருக்கும். நார்த்தங்காய் ஊறுகாய்ப் பக்குவத்துக்கு அடியில், மேட்டுப்பாளையத்துக் கொத்தனார் படிக்கட்டைப் பற்றிப் பேசியது ஒலிப்பதிவாகக் கிடக்கும். பெயர்களோ, கேட்கவே வேண்டாம். 'ஸ்கேன்', 'ஸ்கேன் புதுசு', 'இதுதான்', 'இதுதான் நெசமா'. ஒரு வரைபடத்துக்கு, 'சாரதா திட்டுனதுக்கு அப்பறம்' என்றே பெயர் வைத்திருந்தாய்.

நான் கத்துவேன். நீ அசைய மாட்டாய்.

"தேடுனா கெடைக்குதா இல்லியா?"

"கெடைக்குது."

"கெடைக்கறதுக்கு எதுக்கு அம்மணி பேரு வெக்கோணும்?"

உன்னிடம் கேட்டால் கிடைத்தது, அதுதான் உண்மை. செயலியில் யார் தேடினார்கள்? 'ஜெயந்தி, அந்த வெள்ளலூர் வீட்டு வாசக்கால் அளவு எங்கே?' என்று நான் குரல் கொடுத்தால், 'அன்னைக்குப் பஸ்ஸுல பஜ்ஜி சாப்புட்டமே, அந்தக் குறிப்புல பாரு' என்பாய். அங்கே இருக்கும்.

பொங்கல் முடிந்த வாரம் நீ போய்விட்டாய். காலையில் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்து, தலை வலிக்கிறது என்று சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. உன் வீட்டுக்காரர் மனோகர் அண்ணன் எனக்குப் போன் செய்தபோது நான் சைட்டில் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி எழுத இன்னும் தெம்பு வரவில்லை. விடு.

மாசி, பங்குனி எல்லாம் எப்படியோ போயிற்று. பாதியில் நின்ற வேலைகளை முடிப்பதிலேயே நேரம் ஓடியது. நீ குறிப்பில் எழுதி வைத்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் சமாளித்தேன். ஆனி பிறந்ததும் செயலி ஒரு நாள், புதிதாக ஒன்றும் சேர்க்க முடியாது, இடம் நிறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டது. அன்னூர் வீட்டில் எடுத்த படத்தைச் சேர்க்கப் போனேன். ஏற்க மறுத்தது. கூடுதல் இடம் வாங்கப் போனால், உன் போன் எண்ணுக்கு ரகசிய எண் அனுப்பியிருக்கிறேன் என்றது. அந்த எண்ணை மனோகர் அண்ணன் சித்திரையிலேயே நிறுத்திவிட்டிருந்தார்.

ஆக, உள்ளே கிடப்பதை ஒழித்தால்தான் இடம். இத்தனை வருஷமாக நான் கேட்ட அனுமதி, கேட்க ஆளில்லாத நேரத்தில் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். குறிப்புகளோடு சேர்த்த இணைப்புகளை மட்டும் அளவு வாரியாகக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது, நீ ஒரு நாளும் திறந்திருக்க மாட்டாய். முதலில் கொழுத்ததெல்லாம் வந்தது. ஒரே வீடியோ மூன்று இடத்தில். சிமெண்ட் கடைக்காரர் அனுப்பிய காலண்டர். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்கள். இவற்றையா நீ பத்திரப்படுத்தினாய்? தயவு பார்க்காமல் அழித்தேன். இடம் கொஞ்சம் விட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சுத்தம் செய்கிற கை நிற்காது என்று உனக்குத் தெரியாதா? வீட்டுக்கு ஒரு பக்கம் என்று புதிதாகத் திறந்தேன். உன் பழைய குறிப்புகளிலிருந்து படங்களையும் வரைபடங்களையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, அந்தந்த வீட்டுப் பக்கத்தில் தேதிப்படி ஒட்டினேன். ஊறுகாய் தனியே, கம்பி தனியே. பக்கங்கள் பளிச்சென்று ஆகிக்கொண்டே வந்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு மனசு லேசாக இருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மனோகர் அண்ணன் கூப்பிட்டார். அவர் ஒரு பம்ப் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார், நம் வேலை பக்கம் தலைவைத்துப் படுக்காதவர் என்று நீ கேலி செய்வாய். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஏனுங்க சாரதா, ஜெயந்தி கணக்குக்குள்ள இப்ப நீங்கதான் இருக்கீங்களா?"

"ஆமாங்கண்ணா. ஃபைல் எல்லாம் ஒழுங்கு பண்ணிட்டு இருக்கறேன். ஏனுங்க?"

"இல்ல... ஊட்டுல அவ டேப்லெட்டு இருக்குதில்லீங்க, அதுல அடிக்கடி ஒரு சேதி வருது. 'ஜெயந்தி இப்போது திருத்தினார்'னு."

நான் ஒவ்வொரு படத்தை நகர்த்தும்போதும் அங்கே போத்தனூரில், சாப்பாட்டு மேஜைமேல், உன் பெயர் மின்னிக்கொண்டிருந்திருக்கிறது. இதை நான் நினைத்தே பார்க்கவில்லை ஜெயந்தி.

"மொத நாளு பாத்தப்ப எந்திரிச்சுப் போயி சமையக்கட்டுல பாத்தேனுங்க" என்றார். "எதுக்குப் போனேன்னு எனக்கே தெரியில."

"அய்யோ அண்ணா, நான் நிறுத்திப்போடறேனுங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"வேண்டாங்க, வேண்டாங்க. நீங்க பண்ணுங்க. சும்மாதான் கேட்டேன்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "பகல்ல பண்றத விட்டுப்போட்டுப் பொழுதோட பண்ணுனீங்கன்னா, நான் ஊட்டுல இருப்பேன்" என்றார்.

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ என்றால் என்ன சொல்லியிருப்பாய்? நான் சரிங்கண்ணா என்றேன். அன்றிலிருந்து அவர் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்து ஆபீஸில் உட்கார்ந்தேன். ஒரு படத்தை நகர்த்துவேன், போத்தனூரை நினைத்துக்கொள்வேன், அடுத்ததை நகர்த்துவேன். செய்வது நல்லதா கெட்டதா என்று தெரியாமலே செய்தேன்.

அப்போதுதான் அன்னூர்க் காரியம் வந்தது.

சரஸ்வதி அக்காவை மறந்திருக்க மாட்டாய். அன்னூர் தாண்டித் தோட்டத்துக்குள் நாம் கட்டிக்கொண்டிருந்த வீடு. பூச்சு வேலை முடிந்து வர்ணத்துக்குக் காத்திருந்தது. திடீரென்று அந்த அக்காவுக்கு, சமையலறையிலிருந்து பின்பக்கம் ஒரு கதவு வேண்டும் என்றாகிவிட்டது. கன்று போட்ட மாடு கட்டுத்தறியில் நிற்கிறது, அடுப்பில் வேலையாக இருக்கும்போதே ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"பூசறதுக்கு முன்னால சொல்லப்படாதா?" என்று அவர் வீட்டுக்காரர் பழனிச்சாமி அண்ணன் கேட்டார்.

"அப்ப மாடு கன்னே போடலீங்களே" என்றது அக்கா. கொத்தனார் சிரித்துக்கொண்டே அறுக்கும் மிஷினை எடுக்கப் போனார்.

கிழக்குச் சுவரை அறுக்க வேண்டும். அதற்குள் தண்ணீர்க் குழாயும் கரண்டுக் குழாயும் புதைந்திருக்கின்றன. பூசிவிட்ட பிறகு எது எங்கே ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதற்காகத்தான் நீ ஒவ்வொரு வீட்டிலும் பூச்சுக்கு முன்னால் சுவர் சுவராகப் படம் எடுத்து வைப்பாய். கொத்தனார் அறுக்கும் மிஷினைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். 'எங்க வெட்டலாங்க இஞ்சினியரம்மா?' என்றார். நான் பெருமையாகப் போனைத் திறந்தேன். 'அன்னூர் வீடு.' என் புதுப் பக்கம். தேதிப்படி அடுக்கியது.

திறந்தால், செங்கல். எல்லாப் படத்திலும் செங்கல், அதன்மேல் சாம்பல் நிறக் குழாய். கிழக்குச் சுவர் எது, மேற்குச் சுவர் எது, சமையலறை எது, குளியலறை எது? ஒன்றிலும் இல்லை. நீதான் எதற்கும் பெயர் வைக்க மாட்டாயே.

அவசரமாக உன் பழைய குறிப்பைத் திறந்தேன். நீ எழுதிய வரிகள் அப்படியே இருந்தன. 'பைப் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம்.' 'இதைப் பார்த்துட்டு வெட்டணும்.' 'இங்கே கை வைக்கவே கூடாது.' ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு படம் இருந்திருக்கிறது. அதை வெட்டி எடுத்தது நான். எங்கே கை வைக்கக்கூடாது ஜெயந்தி?

உன் வரியும் உன் படமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் பெயர் தேவைப்படவில்லை. நான் இரண்டையும் பிரித்து வைத்துவிட்டேன். பிரித்த பிறகு வரியும் பேசவில்லை, படமும் பேசவில்லை. நம் செயலி பழைய நிலையைத் திருப்பிக் கொடுக்கிற வகையும் அல்ல.

"என்னுங்க, ஏதாச்சும் பிரச்சினைங்களா?" என்று சரஸ்வதி அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்டது. "அந்தம்மா போட்டோ எடுத்துட்டுத்தான் போனாங்க. என்ற கண்ணு முன்னாடி எடுத்தாங்க."

வெளியே வந்து மனோகர் அண்ணனுக்குப் போன் போட்டேன். டேப்லெட்டில் ஒருவேளை பழையபடி இருக்கலாமோ என்று ஒரு நப்பாசை. அன்று அவருக்கு விடுமுறை, வீட்டில்தான் இருந்தார். பார்த்துவிட்டு, அங்கேயும் படம் இல்லை, எழுத்து மட்டும்தான் இருக்கிறது என்றார்.

"எந்தப் போட்டோங்க தேடறீங்க?"

"அன்னூர் ஊடுங்கண்ணா. சமையக்கட்டு, கெழக்குச் செவுரு. உங்களுக்கு எங்க தெரியப் போகுது..."

"பச்சை வாளி ஒண்ணு இருக்குமே, அதுங்களா?"

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"செவுத்தோரமா ஒரு பச்சை வாளி கவுத்து வெச்சிருக்கும். அதுக்கு நேரா மேலதான் தண்ணிக் கொழா ஏறுது. 'இங்கே கை வைக்கவே கூடாது'ன்னு அதுக்குத்தானுங்க எழுதியிருந்தா. வாளிக்கு வலது பக்கம் வெறுஞ்செவுரு. அடுத்த போட்டோல அவ செருப்பு தெரியும், அது குளியலறை."

"அண்ணா... இதெல்லாம் உங்களுக்கு எப்படீங்க?"

"அவ போனதுக்கப்பறம் தெனமும் படிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன். மொதல்ல இருந்து. ரெண்டாந்தடவ ஓடுது."

உன் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்காத மனுஷன் என்று நீ எத்தனை தரம் அலுத்துக்கொண்டிருப்பாய்! நீ இல்லாத வீட்டில் உட்கார்ந்து, சிமெண்ட் கலவையும் கம்பி அளவும் ஊறுகாயும் உன் அம்மாவின் சர்க்கரையும் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறார். கம்பி அளவு அவருக்கு எதற்கு? நீ எழுதியது, அதனால் படித்தார்.

உள்ளே போய், என் புதுப் பக்கத்துப் படங்களில் பச்சை வாளியைத் தேடினேன். இருந்தது. படத்தில் தெரிந்த சுவர் மூலையைக் கணக்கு வைத்து, வாளிக்கு வலது பக்கம் அளந்து கோடு போட்டுக் கொடுத்தேன். கொத்தனார் அறுத்தார். தூசி அடங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஓட்டை வழியாகக் கட்டுத்தறி தெரிந்தது, கன்று எங்களைத் திரும்பிப் பார்த்தது. சரஸ்வதி அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தது. நான் பழனிச்சாமி அண்ணனின் மோட்டார் ரூம் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே மனோகர் அண்ணன் மறுபடியும் கூப்பிட்டார்.

"ஊட்டுக்கு வாங்க சாரதா. ரெண்டு பேரும் உக்காந்து எடுத்ததத் திருப்பிப் போட்டறலாம். எது எங்க இருந்துச்சுன்னு எனக்கு முக்காவாசி தெரியும்."

சனிக்கிழமைதோறும் போனேன். சாப்பாட்டு மேஜையில் நான் மடிக்கணினியோடு, எதிரே அவர் டேப்லெட்டோடு. நான் ஒரு படத்தைக் காட்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். 'இது அந்த பஸ் டிக்கெட்டு. மேட்டுப்பாளையம் குறிப்புல, மூணாவது பத்திக்குக் கீழ.' நான் அங்கே ஒட்டுவேன். இந்தத் தடவை ஒட்டிய கையோடு அதற்கு ஒரு பெயரும் வைத்தேன். பெயர் வைத்தால் என்ன, குடியா முழுகிவிடும்? இடத்தை மாற்றவில்லை, அதற்கு மட்டும் நீ என்னை மெச்ச வேண்டும்.

அந்தப் பஸ் டிக்கெட் நினைவிருக்கிறதா? மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டிக்காரர் வீட்டைப் பார்த்துவிட்டு மழையில் திரும்பினோம். அவருக்குப் படிக்கட்டு வைக்க இடமே இல்லை என்று நான் தீர்மானமாகச் சொல்லியிருந்தேன். காரமடை வருவதற்குள் நீ டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு திருப்பம் போட்டு, 'இப்ப ஏறுமா ஏறாதா?' என்று நீட்டினாய். ஏறியது. டிக்கெட்டை அங்கேயே படம் எடுத்துச் சேர்த்துவிட்டு, உடனே கசக்கி ஜன்னல் வழியாக எறிந்தாய். அந்தப் படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் இருக்கிறது. எவ்வளவு இளசான விரல். நகத்தில் மருதாணி வேறு.

இப்படி ஒவ்வொன்றும் ஒரு நாளை இழுத்துக்கொண்டு வந்தது. சூலூரில் வாசக்கால் வைத்த அன்று நமக்குக் கொடுத்த கச்சாயப் பலகாரம், அதை நீ தின்பதற்கு முன் எடுத்த படம். சிங்காநல்லூரில் மட்டப்பலகையைக் கிணற்றில் போட்டுவிட்டு நீ விழித்த விழி, அதை எடுத்தது நான். மனோகர் அண்ணன் ஒவ்வொன்றுக்கும் கதை கேட்பார். குறிப்பில் இருப்பது அவருக்குத் தெரியும், இல்லாதது எனக்குத் தெரியும். சொல்லச் சொல்ல வாய் வலிக்கும். நடுவில் ரயில் போனால் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம்.

கடைசியில் சில இணைப்புகள் மிஞ்சின. எந்தக் குறிப்பிலும் இல்லாதவை. குறிப்பை நீ எப்போதோ அழித்திருப்பாய், அதில் சேர்த்தது மட்டும் உள்ளே தங்கிவிட்டது. செயலி அவற்றைத் தனியே வரிசைப்படுத்தி, பயன்படாத இணைப்புகள், நீக்கிவிடலாமா என்று கேட்டது. பெரும்பாலும் நீக்கினோம். ஒரு வீடியோ மட்டும் நின்றது. எந்த வீடு என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஒரு வெறும் சுவர், அதன்மேல் நீட்டிய டேப், உன் கை. வளையல் தெரிகிறது. நீ அளந்துகொண்டே எண்ணுகிறாய். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு. அளவு எடுக்கும்போது மட்டும் உனக்குத் தெலுங்கு வந்துவிடும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். நடுவில் எண்ணிக்கை தப்பி, 'ச்சே' என்று சிரித்துவிட்டு மறுபடியும் ஒகட்டியிலிருந்து ஆரம்பிக்கிறாய்.

அண்ணன் அதை மறுபடி போடச் சொன்னார். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"இத எங்கயும் ஒட்ட வேண்டாங்க. எனக்குக் குடுத்துருங்க" என்றார். கொடுத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்த சனிக்கிழமை காப்பி வந்தது. இப்போதெல்லாம் அவரே போடுகிறார், சர்க்கரை கொஞ்சம் எச்சாகப் போகிறது, பரவாயில்லை. டம்ளரை உருட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏனுங்க சாரதா, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைச்சுக்காதீங்க."

"சொல்லுங்கண்ணா."

"இனிமேலு நீங்க உங்க பேருல ஒரு கணக்கு வெச்சு எழுதுங்க. இதுல அவ எழுதுனது மட்டும் இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. "நான் அதுல எழுதறது உங்களுக்குச் சங்கடமா இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க. நல்லா இருந்துச்சு. அதுக்குத்தானுங்க வேண்டாங்கறேன்." டேப்லெட்டைத் துணியால் துடைத்தார். "பொழுதானா இதையே பாத்துட்டு உக்காந்துக்கறேன். அவ பேரு வருது. நீங்கதான்னு தெரியுது. தெரிஞ்சும் உக்காந்துட்டு இருக்கறேன். சோறு ஆறிப் போயிருது. இது அவளுக்கும் நல்லதில்லீங்க, உங்களுக்கும் நல்லதில்லீங்க."

மாலையில் அவருக்காக உட்கார்ந்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்காகவும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. உன் பெயரில் எழுதுகிற வரைக்கும் ஆபீஸில் நாம் இரண்டு பேர் இருந்தோம்.

திங்கட்கிழமை என் பெயரில் கணக்கு திறந்தேன். முடியாத வீடுகளை மட்டும் உன்னிடமிருந்து நகல் எடுத்துக்கொண்டேன், வரியும் படமும் சேர்த்தே. மற்றதெல்லாம் உன்னிடமே இருக்கிறது, நீ வைத்த இடத்திலேயே, ஊறுகாயும் கம்பியுமாக. புதுப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. மேலே 'சாரதா' என்று மட்டும். ரொம்ப நேரம் ஒன்றும் எழுத ஓடவில்லை. அன்று பொழுது சாய்ந்ததும் போத்தனூர் நினைப்பாகவே இருந்தது. டேப்லெட் மினுங்காது. அண்ணன் என்ன செய்வார், சாப்பிட்டிருப்பாரா?

நேற்று அதற்குப் பதில் வந்தது. என் புதுக் கணக்கில் அவரையும் சேர்த்து வைத்திருந்தேன், எப்போதாவது பார்க்கட்டும் என்று. ஆபீஸைப் பூட்டப் போகும்போது ஒரு சேதி. 'மனோகர் ஒரு படம் சேர்த்தார்.' திறந்தால், உங்கள் வீட்டுப் பின்பக்க சன்ஷேடு. ஓரமாகப் பாசி பிடித்து, சொட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே அவர் கைப்பட ஒரு வரி: 'சமையக்கட்டு ஜன்னலுக்கு மேல. வடக்கு ஓரம். ஆடி மழையில் ஒழுகுது. எப்ப வந்து பாக்கறீங்க?'

நீயே நின்று கட்டிய வீடு, ஜெயந்தி! உன் சன்ஷேடு ஒழுகுகிறது என்று எனக்குப் புகார் வருகிறது. எப்பேர்ப்பட்ட சந்தோஷம் தெரியுமா? ஆபீஸில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். திசை எழுதியிருக்கிறார், இடம் எழுதியிருக்கிறார், படத்தைச் சரியான வரிக்கு மேலே ஒட்டியிருக்கிறார். உன்னைவிட ஒழுங்கு.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தண்ணீர் தேங்காமல் சரிவு கொடுத்துப் பூசி, ஓரத்தின் அடியில், நீர் வெளியே சொட்டி விழ ஒரு சின்னப் பள்ளக் காடி வெட்டிவிட்டு வருகிறேன். மழைக்காலம் முழுக்க அந்த ஜன்னலுக்கு மேலே ஒரு சொட்டு உள்ளே இறங்காது. அதற்கு நான் பொறுப்பு. அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் வருகிறேன், சோறு சூடாக இருக்கும்போதே.

உன் கல்யாணத்தன்று முதல்முதலாக மனோகரை நான் அண்ணா என்று கூப்பிட்டபோது, 'அப்ப நான் உனக்கு நங்கையா ஆகோணும், மரியாதையா கூப்புடு' என்று மணமேடையிலேயே மிரட்டினாய். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் 'நங்கையா' என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாளும் நான் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிடுகிறேன், எழுத்தில்தான்.

போயிட்டு வாரேனுங்க, நங்கையா.

உன் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி,
உனக்கு நாத்தனார்,
சாரதா